கொழுந்துக்குள் ஒரு கலம்: உயிரின் இரசாயன அடிப்படை மீட்டல்



க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞான பாடத்தில் கலத்தின் அமைப்பு ஓரிடத்திலும் உயிரின் இரசாயன அடிப்படை வேறோரிடத்திலும் வருகின்றன. நம் மாணவர்களுட் பலர் இவ்விரண்டையும் தொடர்பில்லாத இரு பாடங்களாகவே மனனம் செய்கின்றனர். முதலாவதில் படம் வரைந்து பெயர் குறிப்பர். இரண்டாவதில் காபோவைதரேற்று, புரதம், இலிப்பிட்டு, நியூக்கிளிக்கமிலம் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பர். ஆனால் "காரணம் கூறுக" என்று வினா வந்ததும் பேனா நின்று விடும். பகுதி 1 இல் உள்ள 40 பல்தேர்வு வினாக்களில் நல்ல புள்ளி எடுத்தவரும் பகுதி 2 இல் சறுக்குவது இவ்விடத்தில்தான்.

எனவே இம்மீட்டலில் இரண்டையும் ஒரே பொருளை வைத்துப் பார்ப்போம். அது தேயிலைக் கொழுந்து. இறம்பொடைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டி கிடைப்பது அரிது, கொழுந்துக்குப் பஞ்சமில்லை. மலையில் பறித்த பச்சைக் கொழுந்து மறுநாள் தொழிற்சாலையிலிருந்து கறுப்புத் தேயிலையாக வெளிவருகிறது. இடையில் அதற்குள் நடப்பது முழுவதும் கல உயிரியலும் உயிர் இரசாயனமும் ஆகும்.

கலம் என்ற சொல்

1665 ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் தக்கைச் சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதிற் கண்ட வெறுமையான சிறு அறைகளுக்கு ஆங்கிலத்தில் சிற்றறை எனப் பொருள்படும் பெயரை இட்டார். அவர் கண்டது இறந்த கலங்களின் சுவர்களை மட்டுமே. இந்தியப் பாடநூல்கள் அப்பெயரையே "செல்" என்று எழுதுகின்றன. நமது நூல்கள் "கலம்" என்கின்றன. கலம் என்றால் பாத்திரம். மொழிபெயர்த்தவர் அறையை விட்டுப் பாத்திரத்தைத் தெரிவு செய்தது நமக்கு வாய்ப்பாயிற்று. பாத்திரத்தின் வேலை உள்ளே இருப்பதை வெளியே உள்ளதோடு கலக்க விடாமல் வைத்திருப்பது. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் இன்றைய பாடத்தில் பாதி முடிந்தது.

கொழுந்திலுள்ள ஒரு கலத்தை வெளியிலிருந்து உள்ளே பார்த்துச் செல்வோம். முதலில் செலுலோசினாலான கலச்சுவர். அது உறுதியைத் தருவது, நீரையும் கரைந்த பொருள்களையும் தடுக்காது. அதன் உட்புறத்தில் முதலுரு மென்சவ்வு. எது உட்செல்லலாம், எது வெளிச்செல்லலாம் என்பதைத் தெரிந்து விடுவது இதுவே. உள்ளே குழியவுரு. அதில் கரு, இழைமணிகள், பச்சையவுருமணிகள், இறைபோசோம்கள், அகமுதலுருச் சிறுவலை, கொல்கியுபகரணம் என்பன உண்டு. நடுவில் பெரிய புன்வெற்றிடம். அதைச் சுற்றியும் ஒரு மென்சவ்வு உண்டு. படம் வரையும்போது பலர் புன்வெற்றிடத்தை ஒரு வட்டமாகக் கீறிவிட்டு மறந்துவிடுகின்றனர். பெயரில் "வெற்றிடம்" என்று இருப்பதால் அது வெறுமையானது என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குள் இருப்பது கலச்சாறு: நீர், வெல்லங்கள், கனியுப்புகள், நிறப்பொருள்கள், இன்னும் பல.

(இங்கு ஒரு வழமையான பிழையைத் திருத்திக்கொள்க. "தாவரக் கலத்தில் பச்சையவுருமணி, விலங்குக் கலத்தில் இழைமணி" என்று எழுதுவோர் ஒவ்வொரு வருடமும் இருக்கின்றனர். தாவரக் கலத்திலும் இழைமணி உண்டு. தாவரமும் இரவும் பகலும் சுவாசிக்கின்றது.)

தேயிலைக் கலத்தின் புன்வெற்றிடத்தில் பொலிபீனோல் என்னும் சேர்வைகள் நிறைய உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை கற்றெச்சின் வகையைச் சேர்ந்தவை, நிறமற்றவை, துவர்ப்பானவை. இளங்கொழுந்தின் உலர்நிறையில் நாலிலொரு பங்கு அளவு பொலிபீனோல்களே ஆகும். இனி அதே கலத்தில், புன்வெற்றிடத்துக்கு வெளியே, பெரும்பாலும் பச்சையவுருமணிகளில், பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் இருக்கின்றது. இந்நொதியத்தின் வேலை கற்றெச்சின்களை ஒட்சிசனுடன் தாக்கமடையச் செய்வது.

ஒரே கலத்துக்குள் கீழ்ப்படையும் உண்டு, நொதியமும் உண்டு, இலைவாய்களினூடாக வரும் ஒட்சிசனும் உண்டு. அப்படியானால் செடியிலுள்ள கொழுந்து ஏன் சிவப்பதில்லை?

ரியூசன் வகுப்பில் இதைக் கேட்டபோது முன்வரிசையில் எவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த, வழக்கமாகப் பேசாத ஒரு பையன், "நசுக்குனாத்தான் சேர் செவக்கும்" என்றான். அவனுடைய தகப்பனார் தொழிற்சாலையில் ரோலர் பகுதியில் வேலை செய்பவர். அதுதான் விடை. பரீட்சைத் தமிழில் எழுதினால்: "நொதியமும் கீழ்ப்படையும் மென்சவ்வுகளால் வேறுபடுத்தப்பட்டுள்ளன, மென்சவ்வுகள் சிதையும்போதே அவை ஒன்று சேர்கின்றன." அவன் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சொற்கள் மட்டுமே. சொற்களைக் கற்பிப்பது என் வேலை. பொருள் அவனிடம் ஏற்கெனவே இருந்தது.

சாக்கிலிருந்து தொழிற்சாலை வரை

கொழுந்தைச் சாக்கில் அழுத்தி அடைக்கக்கூடாது என்று மலையில் சொல்வார்கள். உங்கள் வீட்டில் கொழுந்து பறிப்பவர் இருந்தால் கேட்டுப்பாருங்கள். காரணம் இரண்டு. பறித்த பின்னும் கொழுந்தின் கலங்கள் உயிருடன் உள்ளன. இழைமணிகளில் சுவாசம் நடந்துகொண்டேயிருக்கும். குளுக்கோசு ஒட்சிசனுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டையும் நீரையும் தர, சக்தி வெளிவிடப்படுகின்றது. அச்சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகும். நெருக்கி அடைத்த சாக்கில் காற்றோட்டம் இல்லாமையால் வெப்பம் வெளியேற வழியில்லை. சாக்குக்குள் கைவிட்டால் சூடு தெரியும். இரண்டாவது காரணம், அழுத்தத்தில் கலங்கள் நசிந்து, தொழிற்சாலைக்குப் போகுமுன்பே ஆங்காங்கே சிவந்துவிடுதல். மடுவத்தில் கொழுந்தைக் கிளறிப் பார்ப்பது இதற்காகத்தான்.

தொழிற்சாலையில் முதலாவது வேலை வாட்டுதல். நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றுச் செலுத்துவர். பல மணித்தியாலங்கள், பொதுவாக ஓரிரவு முழுவதும், இது நடக்கும். பச்சைக் கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ முக்காற் பங்குக்கு மேல் நீர். வாடும்போது அதில் கணிசமான பங்கு நீராவியாக வெளியேறுகின்றது. புன்வெற்றிடம் சுருங்குகின்றது; கலத்தின் வீக்கவமுக்கம் குறைகின்றது; இலை துவள்கின்றது. துவண்ட இலை ரோலரில் நொறுங்காமல் முறுகும்.

இவ்விடத்தில் "பிரசாரணத்தினால் நீர் வெளியேறுகின்றது" என்று எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம். பிரசாரணம் என்பது பங்கீடு புகவிடும் மென்சவ்வினூடாக, நீர்ச்செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் மூலக்கூறுகள் செல்லுதல். வாட்டுத் தொட்டியில் இலையிலிருந்து காற்றுக்கு நீர் செல்வது ஆவியாதலினால். கொழுந்தைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டால் துவள்வதே பிரசாரணத்தால் ஆவது. இரண்டிலும் இலை துவள்கிறது. காரணம் வேறு.

அடுத்தது அரைத்தல். ரோலரில் கொழுந்து முறுக்கி நசுக்கப்படுகின்றது. இந்த இயந்திரத்தின் முக்கிய வேலை கலங்களை உடைத்துச் சாற்றை வெளிக்கொணர்வது. இலைக்கு முறுக்கிய வடிவம் கிடைப்பது கூடவே நடப்பது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஏறத்தாழ 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் தமது பங்களா விறாந்தையில் மேசைகளின் மீது கையால் உருட்டியே தேயிலை செய்வித்தார். கலமென்சவ்வை உடைப்பதற்குக் கையும் போதும். நாள்தோறும் பெருந்தொகைக் கொழுந்து வரும்போதுதான் இயந்திரம் தேவைப்படுகின்றது.

மென்சவ்வு உடைந்ததும் பிரிந்திருந்தவை சந்திக்கின்றன. பொலிபீனோல் ஒட்சிடேசின் முன்னிலையில் கற்றெச்சின்கள் ஒட்சியேறி, ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய மூலக்கூறுகளாகின்றன. தியாபிளேவின் செம்மஞ்சள் நிறத்தையும் தேநீருக்குப் பளிச்சென்ற தன்மையையும் தருவது. தியாரூபிஜின் செங்கபில நிறத்தைத் தருவது. பச்சை நிறம் செம்பு நிறமாக மாறுகிறது. பச்சை இலை மணம் போய்த் தேயிலை மணம் வருகிறது. டீமேக்கர் ஒரு பிடியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பது இந்தத் தாக்கம் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதை அறிவதற்காக. கொழுந்தைச் சில மணித்தியாலங்களுக்கு மேல் விட்டால் தியாபிளேவினும் மாறிப் போய், தேநீர் மங்கிவிடும்.

ஒரு சொற் பொறி

தேயிலைத் தொழிலில் மேற்கூறிய படிநிலையை நெடுங்காலமாக "நொதித்தல்" எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைத்து வருகின்றனர். தமிழில் புளிக்க வைத்தல் என்றும் சொல்வர். உங்கள் பாடத்தில் நொதித்தல் என்பது மதுவம் போன்ற நுண்ணங்கி ஒட்சிசன் இன்றி வெல்லத்தைச் சிதைத்து எதைல் அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் ஆக்குவதாகும். தேயிலையில் நடப்பது அதற்கு நேர்மாறானது. இங்கு ஒட்சிசன் கட்டாயம் தேவை. நுண்ணங்கி தேவையில்லை, இலையின் சொந்த நொதியமே வேலை செய்கிறது. ஆகவே பரீட்சையில் "நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றம்" என்று எழுதுக. நொதியம், நொதித்தல் என்ற இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவையாதலால் குழப்பம் ஏற்படுவது இயல்பு. நானும் விஞ்ஞானப் பட்டதாரி அல்லன். இந்தச் சொற்களில் முதலில் நானும் தடுமாறியவன்தான்.

நொதியம் எப்படி நிற்கிறது

நொதியங்கள் உயிருள்ள கலங்களில் ஆக்கப்படும் புரதங்கள். இரசாயனத் தாக்கங்களின் வேகத்தைக் கூட்டும் ஊக்கிகள். தாக்கத்தில் அவை செலவழிவதில்லை. ஒவ்வொரு நொதியமும் தனக்குரிய கீழ்ப்படை மீதே தொழிற்படும். ஏனெனில் கீழ்ப்படை வந்து பொருந்தும் இடத்துக்கு ஒரு குறித்த வடிவம் உண்டு. அமைலேசு, இலிப்பேசு, ஒட்சிடேசு என்று பெயர் "ஏசு" என முடிந்தால் அது அநேகமாக ஒரு நொதியம். பொலிபீனோல் ஒட்சிடேசின் தொழிற்படும் பகுதியில் செப்பு அயன்கள் உள்ளன. மிகச் சிறிய அளவில் தேவைப்படும் மூலகத்துக்கு இது நல்ல உதாரணம்.

புரதத்தின் வடிவம் கெட்டால் நொதியம் தொழிற்படாது. சிவந்த தூளை டிரையரினுள் செலுத்தி, 90 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடான காற்றால் உலர்த்தும்போது இதுவே நடக்கிறது. புரதம் இயல்பிழக்கின்றது, ஒட்சியேற்றம் நின்றுவிடுகின்றது. முட்டையின் வெண்கரு சட்டியில் வெண்மையாவதும் புரதம் இயல்பிழத்தலே. பொரித்த முட்டையைக் குளிரவிட்டால் மறுபடி பச்சை முட்டை ஆகாது. நொதியமும் அவ்வாறே. "நொதியம் இறந்துவிடுகின்றது" என்று எழுதாதீர்கள். நொதியம் உயிரன்று, இறப்பதற்கு அதில் உயிர் இல்லை. குளிரில் இயல்பிழப்பு நடப்பதில்லை; நொதியத்தின் வேகம் குறையும், சூடேறியதும் மீளும். இந்த வேறுபாட்டைப் பரீட்சகர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

சூட்டில் பச்சையமும் மாறுகிறது. அதன் நடுவிலுள்ள மகனீசியம் நீங்கி, நிறம் கருமை நோக்கிச் செல்கிறது. தூள் கறுப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே விஞ்ஞானத்தை முன்பின்னாக மாற்றினால் பச்சைத் தேயிலை கிடைக்கும். யப்பானில் கொழுந்தை முதலில் ஆவியில் அவிப்பர். சீனாவில் பெரும்பாலும் சூடான சட்டியில் வறுப்பர். நொதியம் முதலிலேயே இயல்பிழந்துவிடுவதால் பிறகு எவ்வளவு உருட்டினாலும் சிவக்காது. செடி ஒன்றே. எப்போது சூடாக்கினோம் என்பதில்தான் வேறுபாடு. கண்டி - நுவரெலியா வீதியில் இறம்பொடையைத் தாண்டி லபுக்கலைப் பக்கம் சென்றால், தொழிற்சாலையைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகின்றார்கள். வெளிநாட்டவர் வந்து பார்ப்பதை நம் பிள்ளைகள் ஒரு முறையாவது விஞ்ஞானக் குறிப்புக் கொப்பியுடன் சென்று பார்க்கலாம்.

மூலகங்களும் உரச்சாக்கும்

மனித உடலின் திணிவில் ஏறத்தாழ 96 வீதம் ஒட்சிசன், காபன், ஐதரசன், நைதரசன் ஆகிய நான்கு மூலகங்களால் ஆனது. காபோவைதரேற்றிலும் இலிப்பிட்டிலும் காபன், ஐதரசன், ஒட்சிசன் உண்டு. புரதத்தில் இவற்றுடன் நைதரசன் கட்டாயம் உண்டு. பெரும்பாலும் கந்தகமும் இருக்கும். நியூக்கிளிக்கமிலத்தில் நைதரசனும் பொசுபரசும் உண்டு. இதை அட்டவணையாகப் பாடமாக்குவதிலும் பார்க்க, மலைக்கு ஏன் யூரியா போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொழுந்து பறிப்பது என்பது புரதத்தையும் பச்சையத்தையும் மலையிலிருந்து எடுத்துச் செல்வது. எடுத்த நைதரசனைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் புதுத்தளிர் வராது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, அவ்வருட நவம்பர் மாதத்தில் நீக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்திருந்தாலும் உரமின்மை அதில் முக்கியமானது. கொழுந்து குறைந்த மாதங்களில் வீட்டுக்கு வந்த சம்பளம் எப்படியிருந்தது என்பது உங்களுள் பலருக்கு நினைவிருக்கும்.

டொலமைட்டு போடுவதற்குக் காரணம் மகனீசியம். மண்ணின் அமிலத்தன்மை மிகையாகிவிடாமல் காப்பதும் அதன் வேலை. மகனீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1925 இல் தொடங்கப்பட்ட காலம் முதல், இத்தகைய விடயங்களை ஆராய்ந்து வருகிறது.

நைதரசன் உள்ளதெல்லாம் புரதம் என்று எண்ணிவிட வேண்டாம். கஃபீனில் நைதரசன் உண்டு, அது புரதமன்று.

உணவுச் சோதனைகளைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். மாப்பொருளுக்கு அயடீன், கருநீலம். தாழ்த்தும் வெல்லத்துக்குப் பெனடிக்ற் கரைசலுடன் சூடாக்கல், செங்கட்டிச் சிவப்பு. புரதத்துக்குப் பையூரெற், ஊதா. இலிப்பிட்டுக்குச் சூடான் மூன்று, சிவப்பு. இவற்றில் சூடாக்குவது எதற்கு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சோற்றோடு தேநீர்

இப்பகுதி புள்ளிக்காக மட்டும் அல்ல. ஈமோகுளோபின் ஒரு புரதம். அது ஒட்சிசனைக் காவுவதற்கு இரும்பு தேவை. இரும்பு குறைந்தால் குருதிச்சோகை. பருப்பு, கீரை போன்ற தாவர உணவுகளிலுள்ள இரும்பை, தேநீரிலுள்ள பொலிபீனோல்கள் குடலில் பிணைத்து, அகத்துறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. சாப்பிட்ட கையோடு சாயம் குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் இந்தத் தடை பெருமளவு குறையும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள உயிர்ச்சத்து சீ இரும்பை உறிஞ்ச உதவும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் உள்ள வீட்டில் இதைச் சொல்லுங்கள். பரீட்சை முடிந்த பிறகும் சொல்லலாம்.

வீட்டில் செய்து பார்க்க

நான்கு தட்டுகள், ஒரே செடியில் பறித்துக் கழுவிய ஒரேயளவு கொழுந்து. முதலாவது தட்டில் கொழுந்தை முழுதாக வைக்க. இரண்டாவதில் நன்கு கசக்கி வைக்க. மூன்றாவதற்குரிய கொழுந்தைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டு எடுத்து, ஆறிய பின் கசக்கி வைக்க (கொதிநீரைக் கையாளப் பெரியவர் ஒருவரின் உதவியைப் பெறுக). நான்காவதில் கசக்கிய உடனே தேசிச்சாறு விடுக. இரண்டு மணித்தியாலம் கழித்து நிறங்களைக் குறித்து, பின்வரும் வினாக்களுக்கு நீங்களே விடை எழுதிவிட்டு, அதன் பின் எனது விடையைப் பாருங்கள்.

வினா 1: முதலாவது தட்டு எதற்கு?
விடை: கட்டுப்பாட்டுப் பரிசோதனையாக. கலங்கள் சிதையாதபோது நிறமாற்றம் இல்லை என்பதைக் காட்டுவதற்கு.

வினா 2: இரண்டாவது தட்டிலுள்ள கொழுந்து கபில நிறமாவது ஏன்?
விடை: கசக்கும்போது முதலுரு மென்சவ்வும் புன்வெற்றிட மென்சவ்வும் சிதைகின்றன. புன்வெற்றிடத்திலிருந்த பொலிபீனோல்கள் நொதியத்துடனும் வளியிலுள்ள ஒட்சிசனுடனும் சேர்ந்து ஒட்சியேறி, நிறமுள்ள சேர்வைகளாகின்றன. ("கசக்கியதால்" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது. மென்சவ்வு, நொதியம், ஒட்சிசன் மூன்றும் விடையில் இருக்க வேண்டும்.)

வினா 3: மூன்றாவது தட்டிலும் கலங்கள் சிதைந்துள்ளன. ஆயினும் செங்கபில நிறம் தோன்றாதது ஏன்?
விடை: கொதிநீரின் வெப்பத்தால் நொதியப் புரதம் இயல்பிழந்துவிட்டது. கீழ்ப்படையும் ஒட்சிசனும் இருந்தும் தொழிற்படும் நொதியம் இல்லை.

வினா 4: நான்காவது தட்டில் நிறமாற்றம் தாமதிப்பது ஏன்?
விடை: தேசிச்சாற்றின் அமிலத்தன்மையால் பீ.எச். பெறுமானம், நொதியம் சிறப்பாகத் தொழிற்படும் வீச்சுக்குக் கீழே செல்கின்றது. அத்துடன் உயிர்ச்சத்து சீ ஒட்சியேற்றத்தைத் தடுக்கின்றது. இவ்விரண்டில் முதலாவதை எழுதினாலே போதுமானது. பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்ததும் சாயம் வெளிறுவதை இதனுடன் சேர்த்து எழுத வேண்டாம். அங்கு நொதியம் எதுவும் இல்லை. அது ஏற்கெனவே டிரையரில் முடிந்துபோன கதை. அமிலத்தில் தியாரூபிஜினின் நிறம் வெளிறுகிறது, அவ்வளவே.